எல்லைச் சாவடியில் காப்பிக் காசு கேட்டால் என்ன செய்வது?

சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி பஸ், ரயில் என்று தரைவழியாகவே வடக்கே போவது நம் இளைஞர்களிடம் பழகிப்போன பயணம். ஜொகூர், பினாங்கு, ஹட்யாய், பாங்காக், அப்புறம் லாவோஸ், கம்போடியா, வியட்நாம். முதுகில் ஒரு பை, கையில் கடப்பிதழ் (பாஸ்போர்ட்), அவ்வளவுதான். நானும் ஐந்து வாரம் அப்படிப் போய் வந்தேன். வழியில் ஒரு சாவடியில் காப்பிக் காசு, அதாவது சின்ன லஞ்சம், கேட்டார்கள். நடந்ததை வீட்டிலும் வேலையிடத்திலும் சொன்னேன். அன்றிலிருந்து, கிளம்பப்போகிறவர்கள் யாராவது வந்து அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு என்னதான் நடந்தது?

எந்த நாட்டு எல்லை என்று சொல்லப்போவதில்லை. தகரக் கூரை போட்ட ஒரு கூடம், மதியம் இரண்டு மணி. வெளியே எங்கள் பஸ் இன்ஜினை அணைக்காமல் நின்றது. பஸ்காரரின் உதவியாள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஸ்டாம்ப் ஃபீஸ், எல்லாரும் ஐந்து டாலர்." அமெரிக்க டாலர்.

என் முறை வந்தது. அதிகாரி கடப்பிதழைப் புரட்டி ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். முத்திரையை மையில் அழுத்தினார். தாளுக்கு இரண்டு அங்குலம் மேலே கையை அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேசை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே டாலரும் தாய்லாந்துப் பாட் நோட்டுகளும் கலந்து கிடந்தன, மேலே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. நான் ஐந்து டாலரை வைத்தேன். முத்திரை விழுந்தது. முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்குப் பின்னால் நின்றவர் புதுக்கோட்டைக்காரர். இங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார், வயது இருபத்தாறு. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போவதற்கு முன் நாலு இடம் பார்த்துவிடலாம் என்று கிளம்பியவர். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை. அவரிடம் இந்தியக் கடப்பிதழ். முறையாக இணையத்தில் விசா எடுத்திருந்தார், ஆனால் கைப்பேசியில்தான் இருந்தது. அச்சடித்த தாள் இல்லாவிட்டால் செல்லாது என்று சொல்லிக் கடப்பிதழை எடுத்து அந்த இழுப்பறைக்குள்ளேயே போட்டுவிட்டார் அதிகாரி. "அண்ணே, நாற்பது டாலர் கேக்குறாரு" என்றார் என்னிடம். அவர் முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் நாற்பது டாலரைக் கொடுத்தார்.

அவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு நாள் சம்பளம். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் ஐந்தை வைத்ததைப் பார்த்த பிறகுதான் அந்த அதிகாரி நாற்பது கேட்டார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த அதிகாரிக்கு அப்படி என்ன பலம்? ஏன் எல்லாரும் கொடுத்துவிடுகிறோம்?

யோசித்துப் பார்த்தால், அவர் கையில் இருந்தது நம் அவசரம் மட்டும்தான். முத்திரை குத்துவது அவர் வேலை, குத்தாமல் இருக்கக் காரணம் கிடையாது. ஆனால் பஸ் போய்விடும், இருட்டிவிடும், விடுதிப் பதிவு வீணாகிவிடும் என்று நமக்குத்தான் பதற்றம். அந்தப் பதற்றத்துக்குத்தான் விலை வைக்கிறார்கள்.

அதனால் நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது, எல்லையைக் காலையில் கடந்துவிடுங்கள். அன்று சாயங்காலத்துக்கு ரயிலோ விமானமோ பதிவு செய்யாதீர்கள். எல்லை தாண்டி அப்படியே ஓடும் நேர் பஸ்ஸைவிட, இந்தப் பக்கம் ஒரு வண்டி, நடந்து கடப்பது, அந்தப் பக்கம் வேறு வண்டி என்று பிரித்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஹாரன் அடிக்க வெளியே யாரும் இல்லை என்றால் நீங்கள் நிதானமாக உட்காரலாம். நிதானமாக உட்கார்ந்திருப்பவரிடம் பேரம் படியாது.

எது உண்மையான கட்டணம், எது காப்பிக் காசு? எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மையான கட்டணத்துக்கு ரசீது உண்டு, அதில் தொகை அச்சாகியிருக்கும். ரசீது கேட்டதும் தொகை குறைந்தாலோ, "சரி சரி, போ" என்று கையை ஆட்டினாலோ அது கட்டணமில்லை.

சில தொகைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்போடியாவுக்குள் நுழையும்போது எடுக்கும் சுற்றுலா விசாவுக்கு 30 அமெரிக்க டாலர். 2014 அக்டோபரில் 20-லிருந்து ஏற்றினார்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு அந்த விசாவே வேண்டாம், 30 நாள் வரை அப்படியே தங்கலாம். தாய்லாந்தில் அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். கம்போடியாவில் நாளுக்கு 10 டாலர். இவையெல்லாம் சட்டப்படியான பணம், கட்டித்தான் ஆகவேண்டும். அதைப் போய் லஞ்சம் என்று சண்டை போட்டால் தப்பு நம்முடையது.

லாவோஸ் – கம்போடியா எல்லையில் இரண்டு பக்கமும் முத்திரைக்கு இரண்டு டாலர் வாங்குவது பல வருஷமாக நடக்கிறது. பயணிகள் எல்லாருக்கும் தெரியும். வெளியேறும்போது முத்திரை குத்துவதற்கென்று தனியாக ஒரு கட்டணம் இருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், பதில் வந்துவிடும்.

எல்லையை நெருங்கும்போது கணினியில் பதிய வேண்டிய வருகை அட்டைகளும் இலவசம்தான். சிங்கப்பூரின் மின்னியல் வருகை அட்டை, மலேசியாவின் மின்னியல் அட்டை (2024 ஜனவரியிலிருந்து), தாய்லாந்தின் மின்னியல் அட்டை (2025 மே 1-லிருந்து), மூன்றையும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நீங்களே பதியலாம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை. சிங்கப்பூரர்களுக்கு மலேசிய அட்டை தேவையில்லை. இங்கே வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குத் தேவை. இதைத் தெரியாமல் பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்று விழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடப்பிதழுக்குள் ஒரு சின்ன நோட்டை மடித்து வைத்து நீட்டினால் சீக்கிரம் விடுவார்களாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். இதை "பரவாயில்லை, இரண்டு ரிங்கிட்தானே" என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சட்டத்தைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் 37-ஆம் பிரிவின்படி, சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் லஞ்சக் குற்றம் செய்தாலும் அது சிங்கப்பூரிலேயே செய்ததைப் போல நடவடிக்கை எடுக்கலாம். வாங்குபவர், கொடுப்பவர் இருவருமே குற்றவாளிகள். தண்டனை 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தொகை சின்னது என்பதால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது.

இன்னொன்றும் இருக்கிறது. கேட்பதற்கு முன்பே நீட்டினால், கேட்காத அதிகாரியையும் நாம் அவமதிக்கிறோம். அந்தப் பயணத்தில் ஏழெட்டு எல்லை முகப்புகளைத் தாண்டினேன், இரண்டே இரண்டு இடத்தில்தான் பிரச்சினை. மற்ற இடங்களில் இருந்தவர்கள் வேலையை ஒழுங்காகப் பார்த்தார்கள். நான் மறந்துவிட்டு வந்த தண்ணீர்ப் புட்டியை ஒரு பெண் அதிகாரி எழுந்து வந்து கொடுத்தார். அவரிடம் போய் நோட்டை நீட்டுவதா?

என்னிடம் இந்தியக் கடப்பிதழ். எனக்குக் கஷ்டம் அதிகமா?

உண்மையைச் சொன்னால், ஆமாம். சிவப்பு அட்டைக் கடப்பிதழோடு போகிற எனக்கு விசா வேண்டாத இடத்தில் உங்களுக்கு விசா வேண்டும். விசா என்றால் ஒரு தாள், அந்தத் தாளில் குறை சொல்ல ஓர் இடம். அதோடு தோற்றத்தையும் பேச்சையும் பார்த்து எடை போடுபவர்களும் இருக்கிறார்கள். நியாயமே இல்லை, ஆனால் இருக்கிறது. அதனால் உங்கள் தயாரிப்பு என்னுடையதைவிடப் பலமாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் தாளில் எடுத்துப் போங்கள். விசா இரண்டு பிரதி, விடுதிப் பதிவு, அங்கிருந்து வெளியேறும் பயணச்சீட்டு, வங்கி இருப்பு, இங்குள்ள வேலை அனுமதி அட்டையின் இரண்டு பக்க நகல். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் எந்த நகலகத்துக்குப் போனாலும் சில வெள்ளியில் முடிந்துவிடும் வேலை இது. பத்து தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுத்தால், "இது இல்லை, அது இல்லை" என்ற பேச்சே எழுவதில்லை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். ஐந்து மாதம் இருபது நாள் மீதியிருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள், அவர்களுக்கு அதுவே ஒரு வாய்ப்பு.

எல்லையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாமல், முடிந்தவரை இணையத்தில் முன்கூட்டியே விசா எடுங்கள். கம்போடியாவின் மின்விசா எல்லாத் தரைவழிச் சாவடியிலும் செல்லாது. எந்தச் சாவடிகள் என்பதை அரசாங்கத் தளத்திலேயே பார்த்துவிட்டு வழியைத் தீர்மானியுங்கள்.

"எல்லைக்கு முன்னாலேயே விசா எடுத்துத் தருகிறேன்" என்கிறார்களே?

தாய்லாந்திலிருந்து கம்போடியாவுக்குள் போகும் அரண்யப்ரதேத் – பொய்பெட் பாதையில் இது பல ஆண்டுகள் பிரபலமாக இருந்த ஏமாற்று. துக்துக் (ஆட்டோ) ஓட்டுபவர் உங்களை நேராக எல்லைக்குக் கொண்டுபோக மாட்டார். வழியில் கொடி, மேசை, பெயர்ப்பலகை எல்லாம் வைத்த ஓர் இடத்தில் நிறுத்தி, இதுதான் துணைத் தூதரகம் என்பார். விலையைத் தாய்லாந்துப் பாட் கணக்கில் சொல்வார்கள். கணக்குப் போட்டால் 30 டாலரைத் தாண்டிவிடும். விசாவே தேவையில்லாத சிங்கப்பூரர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அங்கே இறங்கவே கூடாது. "விசா இருக்கிறது, எல்லைக்குப் போங்கள்" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே மோதல் மூண்டு 2025 ஜூனிலிருந்து அந்தத் தரைவழி எல்லைகள் பயணிகளுக்கு மூடப்பட்டன. கிளம்பும் வாரத்தில் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திட்டம் போடாதீர்கள்.

கேட்கும் அந்த நேரத்தில் என்ன பேசுவது?

சிரித்த முகம், தாழ்ந்த குரல். சத்தம் போட்டால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், அப்புறம் இறங்கி வர மாட்டார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லாதீர்கள். மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

முதலில் "எதற்கான கட்டணம் சார்?" என்று கேளுங்கள். அடுத்து, "ரசீது கொடுத்தால் கட்டிவிடுகிறேன்." அதற்கும் மசியவில்லை என்றால், "சரி, நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லி, அவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். அரை மணி ஆகலாம், ஒரு மணி ஆகலாம். பணியாள் மாறும் நேரம் வரும், மேலதிகாரி நடந்து வருவார், அல்லது அவருக்கே அலுத்துவிடும். வரும் வழியில் இன்னொரு எல்லையில் என்னிடம் மறுபடி கேட்டார்கள். இப்படித்தான் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். பிறகு கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

துணைக்கு யாராவது இருந்தால் ஒன்றாகவே முகப்புக்குப் போங்கள். குறிப்பாக மொழி தெரியாத ஒருவரைப் பின்னால் தனியாக விட்டுவிட்டு நீங்கள் முன்னால் போய்விடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான்.

ரகசியமாக வீடியோ எடுத்தால்?

வேண்டாம். குடிநுழைவுக் கூடங்களில் படமெடுக்கத் தடை இருப்பது வழக்கம். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அந்த நொடியில் அவர் பக்கம் போய்விடும்.

பணத்தை எப்படி வைத்துக்கொள்வது?

கட்டணத்துக்குச் சரியான சில்லறை ஒரு பையில், மீதி வேறு இடத்தில். நூறு டாலர் நோட்டை நீட்டினால் மீதி வராது. செராங்கூன் சாலையில் பணம் மாற்றும்போதே ஐந்தும் பத்துமாகக் கேட்டு வாங்குங்கள். கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். கம்போடியாவில் லேசான கிழிசல் இருந்தாலும் டாலரை வாங்க மாட்டார்கள். முகப்பில் நின்று பணப்பையை விரித்துக் காட்டுவது, எவ்வளவு கேட்கலாம் என்று நாமே சொல்லிக் கொடுப்பது போல.

முத்திரையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கையால் முத்திரை குத்தும் நாடுகளில், முகப்பை விட்டு நகர்வதற்கு முன்பே மூன்றைப் பாருங்கள்: முத்திரை விழுந்ததா, இன்றைய தேதியா, எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள். நுழைவு முத்திரை விடுபட்டது தெரியாமல் மூன்று வாரம் சுற்றிவிட்டு, வெளியேறும்போது "நீ கள்ளத்தனமாக வந்தாய்" என்று மாட்டிக்கொண்டால் அங்கே கேட்கும் தொகை ஐந்து டாலராக இருக்காது. பஸ் உதவியாள் எல்லாருடைய கடப்பிதழையும் மொத்தமாக வாங்கிப் போய் முத்திரை போட்டு வருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் கடப்பிதழ் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

மின்சிகரெட் வைத்திருந்தால்?

எடுத்துப் போகவே போகாதீர்கள். சிங்கப்பூரிலும் தடை, தாய்லாந்திலும் தடை. பையில் தடைசெய்த ஒரு பொருள் இருந்தால் உங்களிடம் பணம் பிடுங்குவது மிக எளிது. 2023 ஜனவரியில் பாங்காக்கில் சாலைச் சோதனையில் நிறுத்தப்பட்ட தைவான் நடிகை ஒருவரிடம் மின்சிகரெட்டைக் காட்டி 27,000 பாட் பறித்தது பெரிய விவகாரமாகி, காவலர்கள்மேல் வழக்கு வந்தது. அவருக்குப் பேச ஊடகம் இருந்தது. நமக்கு?

கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்துவிட்டால்?

இருட்டிவிட்டது, தனியாக இருக்கிறீர்கள், கடப்பிதழ் அவர் இழுப்பறையில், குரல் உயர்கிறது, தனி அறைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கே வீரம் காட்டச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வேகமாகப் போக நாமாக நீட்டுவது வேறு, மிரட்டிப் பிடுங்குவது வேறு. தனியாகப் போகும் பெண்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன்.

வெளியே வந்ததும் சூட்டோடு சூடாக எழுதி வையுங்கள். தேதி, நேரம், எத்தனையாவது முகப்பு, சட்டையில் பெயரோ எண்ணோ இருந்தால் அது, கேட்ட தொகை, சொன்ன வார்த்தை. மறுநாள் எழுதினால் பாதி மறந்திருக்கும்.

யாரிடம் புகார் கொடுப்பது? கொடுத்தால் பலன் உண்டா?

மலேசியாவில் என்றால் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம், இலவச எண் 1-800-88-6000. அங்குள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, லஞ்சம் கேட்கப்பட்டவர் அதைத் தெரிவிக்கவேண்டும் என்றே சொல்கிறது. சிங்கப்பூரர்கள் வெளிநாட்டில் சிக்கலில் மாட்டினால் வெளியுறவு அமைச்சின் 24 மணிநேர எண் +65 6379 8800. கிளம்பும் முன் அமைச்சின் தளத்தில் பயணத்தைப் பதிந்து வையுங்கள், இலவசம். அவர்கள் உங்கள் அபராதத்தைக் கட்ட மாட்டார்கள், அந்த நாட்டுச் சட்டத்தில் தலையிடவும் மாட்டார்கள். ஆனால் யாரை அணுகவேண்டும் என்று வழி சொல்வார்கள். இந்தியக் கடப்பிதழ் என்றால் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம்.

பலன் உண்டா என்றால், சேர்ந்து கொடுத்தால் உண்டு. ஜகார்த்தாவின் சுகர்ணோ–ஹத்தா விமான நிலையத்தில் தன் நாட்டவரிடம் குடிநுழைவு அதிகாரிகள் பணம் பறித்த 44 சம்பவங்களைச் சீனத் தூதரகம் பட்டியல் போட்டு இந்தோனேசிய அரசிடம் கொடுத்தது. 2025 தொடக்கத்தில் அது வெளியே வந்தது. அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள், பணமும் திரும்பக் கிடைத்தது. ஒவ்வொருவரும் "போனால் போகிறது" என்று விட்டிருந்தால் அந்தப் பட்டியலே இருந்திருக்காது.

சிங்கப்பூர்ச் சாவடியில் இப்படி இல்லையே, நாம் மட்டும் எப்படி?

நாமும் பிறவியிலேயே இப்படி இல்லை. 1951-இல் 1,800 பவுண்டு அபின் இங்கே கொள்ளை போனது. அதில் காவல்துறை ஆட்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1952-இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனியாக அமைக்கப்பட்டது. காப்பிக் காசு என்ற சொல்லே இந்த மண்ணில் புழங்கியதுதான், தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்" என்று பேசுவதை விட்டுவிடுவோம். அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிட அதிகமாக, தினம் தினம், அதே இழுப்பறைக்குப் பணம் கட்டுகிறார்கள்.

உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ நம் அதிகாரியிடம் யாராவது நோட்டை நீட்டினால் நேராக வழக்குதான். அதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

அந்தப் புதுக்கோட்டைத் தம்பி என்ன ஆனார்? நீங்கள் மறுபடி போவீர்களா?

போவேன், டிசம்பர் விடுமுறைக்கு. பஸ்ஸில் ஏறியதும் அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த நாற்பதில் பாதியாவது நான் தருகிறேன் என்றதற்கு, "விடுங்கண்ணே, நீங்களும்தானே கொடுத்தீங்க" என்றார். புது ஒப்பந்தம் கிடைத்து இப்போது இங்கேதான் இருக்கிறார். போன ஞாயிறு தேக்காவில் பார்த்தேன். அவருடைய விடுதி நண்பர்கள் மூன்று பேர் வியட்நாம் போகிறார்களாம். அவர்களுடைய விசா, பயணச்சீட்டு எல்லாவற்றையும் இரண்டிரண்டு பிரதி எடுத்து, நகலகத்து மேசையில் வைத்து உறை உறையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.